பின்னறைக்குள் வந்த கல்

எங்கள் வாடகை வீட்டின் பின்னறைக்குள் கல் வந்தது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல். ஐந்து நாளாக விடாத மழை. அம்மா வழக்கமாக அந்த நேரத்தில் பின்னறைக் கட்டிலில்தான் படுத்திருப்பார். அன்றைக்குப் பார்த்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் சூன் பாண் முச்சக்கரவண்டி எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. இரண்டு மாலு பணிஸ் வாங்குவதற்காக அம்மா குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போயிருந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து ஏழாம் தரப் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் லொறியிலிருந்து மணல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு வீடு ஒரு தடவை குலுங்கியது. அதற்குப் பிறகு பின்பக்கத்திலிருந்து சேற்றுத் தண்ணீர், ஒரு அவசரமும் இல்லாமல், என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். பின்சுவரில் ஆள் குனியாமல் போய்வரக்கூடிய ஓட்டை. ஓட்டைக்கு இந்தப் பக்கம், அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில், கல். படுத்திருக்கும் பசு மாட்டின் அளவு. கட்டில் அதற்கு அடியில் இருந்தது. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லோடு சேர்ந்து வேரும் மண்ணுமாக இரண்டு தேயிலைச் செடியும் வந்திருந்தன. கொழுந்து அப்படியே இருந்தது. அன்றைக்கே பறிக்கலாம்.

அம்மா வந்து எனக்குப் பின்னால் நின்றார். பிறகு, "தலகாணி போச்சு," என்றார். அவர் கையில் இருந்த பணிஸ் பையைப் பார்த்தேன். இரண்டு பணிஸும் அவருடைய பிடியில் நசுங்கி ஒன்றாகியிருந்தன. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மாலு பணிஸில் மீனே இல்லை என்று அதுவரை வாரம் ஒரு தடவையாவது குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாங்கள் டயகமப் பக்கம். அம்மா முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில். படித்து, பரீட்சை எழுதி, ஆசிரியை நியமனம் கிடைத்து, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு வந்தபோது நான் எடுத்த முதல் முடிவு, இனித் தோட்டத்துக்குள் குடியிருப்பதில்லை என்பது. கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் மேலே, மலைச் சரிவை ஒட்டி வரிசையாக ஆறு வீடுகள். அதில் கடைசி வீடு வாடகைக்கு வந்தது. முன்னறை, பின்னறை, பின்னறையோடு சேர்ந்த அடுப்படி. வீட்டுக்கு இலக்கம் உண்டு. தபால்காரர் தோட்ட ஆபீசுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருவார். அந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர், மேலே இருந்த தோட்டத்தில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து மேய்ப்பதுதான் கண்டாக்கின் உத்தியோகம். அவருக்கு உத்தியோகம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குக் கம்பளித் தொப்பியும் மப்ளருமாகத் தன் வாசலில் நின்று, பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது மாதிரி ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பஸ்ஸுக்குப் பிந்தினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். என்னிடம் "டீச்சர், வாங்க, போங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவார். அம்மாவிடம் பேசும்போது மட்டும் நீ என்பதா நீங்க என்பதா என்று முடிவு செய்ய முடியாமல், சுவரைப் பார்த்துப் பேசுவார்.

வீட்டைக் காட்டிய அன்றைக்கே தன்னைப் பற்றியும் சொன்னார்.

"நான் ரூல்ஸ்காரன், டீச்சர். என் சர்வீஸ்ல ஒரு லயத்துல ஒருத்தன் ஒரு அடி தள்ளிக் கட்ட விட்டதில்ல. தகரம் நீட்டுனாக்கூடப் புடுங்கிருவேன். பேப்பர்ல உள்ளதுதான் நமக்கு."

பேப்பரும் தயாராக வைத்திருந்தார். கொழும்பில் மருமகனுக்குத் தெரிந்த யாரோ கொடுத்த வாடகை ஒப்பந்தத்தைப் பெயர், விலாசம் மட்டும் மாற்றி அடித்திருந்தார். பதினாறு விதிகள். மின்தூக்கியில் மரச்சாமான் ஏற்றக் கூடாது. நீச்சல் தடாகத்தை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பாவிக்கக் கூடாது. இரண்டுக்கும் நான் மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கல் வந்த பத்தாவது நிமிஷம் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். மூன்று வீடு கீழேதான் இருந்தார். குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.

"டீச்சர், பின்பக்கக் கதவு?" என்றார்.

"கதவு இருக்குங்க. சுவருதான் இல்ல."

கதவைப் போய்த் தடவிப் பார்த்தார். சேற்றில் கால் வைத்து நின்று ஒரு தடவை திறந்து மூடினார். பக்கத்தில் ஓட்டை வழியாக மழை நேரே உள்ளே பெய்துகொண்டிருந்தது. கதவு சரியாகப் பூட்டுகிறது என்று உறுதியான பிறகு, "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். கேட்ட பிறகுதான் அங்கே சுவர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைக் கொஞ்சம் திருப்பி மிச்சமிருந்த சுவரைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றேன்.

"கடவுள் காப்பாத்திட்டாரு," என்று சொல்லிவிட்டு நிலைக்காலைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது அவர் பைலோடு வாசலில் நின்றார். முன்னறையில் உட்கார வைத்து அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுப் பதினோராம் விதியைச் சத்தமாக வாசித்தார்: குடியிருப்பவரின் பாவனையில் உள்ள பொருட்களால் கட்டடத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பு.

"கல்லு எங்க பொருளாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப அது எங்க இருக்கு?"

"உங்க வீட்ல."

"வாடகை குடுக்குறது யாரு? நீங்க. அப்ப உள்ள இருக்குறதெல்லாம் உங்க பாவனையில உள்ளது."

"அத நாங்க பாவிக்கலைங்களே."

அவர் பின்னறைப் பக்கம் திரும்பினார். கல்லின் மேல் அம்மா காயப் போட்டிருந்த துவாயை மட்டும் பார்த்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிரகித்தல் பயிற்சி கொடுக்கிறவள், ஒரு ஒப்பந்தத்தை வாசிக்க மாட்டேனா? எட்டாம் விதியில் 'இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல' என்று இருந்தது. மழை இயல்பு, மலை இயல்பு, மலையில் மழை பெய்தால் கல் உருளுவதும் இயல்பு என்று வாதாடினேன். அவர் யோசித்துவிட்டு, தேய்மானம் என்றால் மெதுவாக நடக்க வேண்டும், இது ஒரே நிமிஷத்தில் நடந்தது என்றார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பின்னால் அம்மா ஒரு சின்னப் பாத்தி போட்டு லீக்ஸ் நட்டிருந்தார். இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம். அதைக் கொத்தியதில்தான் மலை இளகிவிட்டது என்றார். கல் புறப்பட்ட இடம் அதற்கு ஐம்பது அறுபது அடி மேலே, தேயிலைக்குள். அங்கே ஒரு பெரிய குழி தெளிவாகத் தெரிந்தது. லீக்ஸின் வேர் அவ்வளவு தூரம் மேல்நோக்கிப் போகாது என்றேன். போன மாதம் முழுக்க அந்த லீக்ஸில் பாதியை அவர் வீட்டுக்குத்தான் அம்மா கொடுத்து அனுப்பினார். அப்போது மலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கவலைப்படவில்லை.

அந்த வாரம் கிராம சேவகர் சேதம் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் வருவதற்கு முதல் நாள் சாயந்தரம் வீட்டுக்காரர் வந்தார். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது.

"டீச்சர், நாளைக்கு ஜீஎஸ் வர்ற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா நல்லது. பாத்திரம் பண்டத்த எல்லாம் மூடி வச்சிருங்க. ஆளு இருக்குற வீடுன்னு தெரிஞ்சா பகுதிச் சேதம்னு போட்டுருவாங்க. முழுச் சேதம்னா நட்டஈடு கூடுதலா வரும்."

"குடியிருக்கவே முடியாத வீடுன்னு சொல்லப் போறீங்க?"

"ஆமா."

"அப்ப இந்த மாச வாடகைங்க?"

"அது வேற பேச்சு," என்றார். "அது கவர்மெண்டுக்கு. இது நமக்குள்ள."

மறுநாள் எனக்கு லீவு போட முடிந்தது. வெளியே போவதற்கு எங்களுக்கு இடம் இல்லை, மழையும் விடவில்லை. ஆகவே முன்னறையிலேயே இருந்தோம். கிராம சேவகர் சிங்களப் பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட இருக்காது, பண்பானவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டுக்காரர் அவரைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டையைக் காட்டி, கல்லைக் காட்டி, இங்கே மனுஷர் யாரும் இருக்கவே முடியாது, சுத்தமாக முடிந்துபோன வீடு என்று சிங்களத்தில் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மே கெதர மினிஸ்சு இன்னவாத?" என்று கிராம சேவகர் கேட்டார். இந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்ற அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள், அம்மா தட்டில் மூன்று கோப்பை தேத்தண்ணியும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். கல்லின் மேல்பக்கம் தட்டையாக இருந்தது. அதற்கு வசதியாகத்தான் இருந்தது.

கிராம சேவகர் தேத்தண்ணியைக் குடித்தார். இரண்டாவது பிஸ்கட்டையும் எடுத்தார். படிவத்தில் 'பகுதிச் சேதம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார்.

எனக்கும் சில விஷயங்களைச் சொன்னார். கட்டடத்துக்கான நட்டஈடு உரிமையாளருக்கு. உள்ளே இருந்த பொருட்களுக்குக் குடியிருப்பவர் தனியாக விண்ணப்பிக்கலாம். கட்டில் இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். கட்டிலின் காலைக் காட்டினேன். ஒரு காலை வைத்து ஒரு கட்டிலைச் சொல்ல முடியாது, சத்தியக் கடதாசி வேண்டும் என்றார். பின்னறையைப் பாவிக்க வேண்டாம், பயமாக இருந்தால் இடைத்தங்கல் முகாமுக்குப் போகலாம் என்றும் சொன்னார். எங்கே முகாம் என்று கேட்டேன். என்னுடைய பாடசாலையின் பெயரைச் சொன்னார். ஏழாம் தர வகுப்பறை. நான் ஒரு வாரம் படம் ஒட்டி அலங்கரித்த வகுப்பறைக்குள் பாயோடு போய் அகதியாகப் படுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் முன்னறையிலேயே ஒடுங்கிக்கொண்டோம். ஓட்டையை நீலப் பொலித்தீன் விரிப்பால் மூடினோம். காற்றடித்தால் அது முழு வீட்டையும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி படபடக்கும். அம்மா ஜெபமாலையை அதைவிடச் சத்தமாகச் சொல்லுவார்.

கிராம சேவகர் போன பிறகு வீட்டுக்காரர் வாசலில் நின்று என்னிடம், "தேத்தண்ணி ஏன் குடுத்தீங்க?" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "நீங்களும் குடிச்சீங்களே ஐயா."

கிராம சேவகர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கல் புறப்பட்டு வந்த நிலம் தோட்டத்துடையது. ஆகவே கல்லை எடுக்கவும், மேலே இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கற்களைப் பார்க்கவும் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அதை வீட்டுக்காரர் எழுதுவதுதான் முறை. அவரும் சரி என்றார். ஒரு வாரம் போனது. கேட்டேன். பேனாவில் மை இல்லை என்ற அளவில் ஒரு காரணம் சொன்னார். இன்னொரு வாரம் போனது.

"கம்பெனிக்காரங்களோட மோதக் கூடாது, டீச்சர்," என்றார். "முப்பத்திரண்டு வருஷம் அவங்க சோறு தின்னவன். நாலு பேரச் சேத்து நம்மளே கல்ல ஒடச்சிருவோம்."

"நாலு பேரு கூலி யாருங்க குடுக்குறது?"

"பதினோராம் விதியப் பாருங்க."

பழைய முதலாளிகளிடம் இத்தனை விசுவாசமா என்று நான் வியந்தேன். இளக்காரமாகவும் நினைத்தேன். உத்தியோகம் போனாலும் பயம் போகவில்லை. பாவம், மனுஷனுக்கு முதுகு வளைந்தே பழகிவிட்டது என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தேன். கடைசியில் நானே எழுதினேன். மூன்று பிரதி. 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி, 'தங்கள் தோட்டத்துக்குச் சொந்தமான கல் எங்கள் வீட்டுக்குள் அத்துமீறிப் பிரவேசித்துள்ளது' என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'அத்துமீறி' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

பெருமை ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் தோட்டத்திலிருந்து ஜீப் வந்தது. உதவி மேனேஜரான சின்ன துரையும் ஆபீஸ் கிளார்க்கும் இறங்கினார்கள். கிளார்க்கின் கையில் சுருட்டிய வரைபடமும் நீள அளவு நாடாவும். வீட்டுக்காரர் அவர்களுக்கு முன்பே வந்து நின்றார். எப்படித் தெரிந்ததோ. தன் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரச் செய்தார். கேக் கொண்டுவரச் செய்தார். "சேர் உக்காருங்க, இந்த மழையில எதுக்கு அளந்துக்கிட்டு, நான் இந்தத் தோட்டத்து ஆளுதான், எல்லாம் நம்ம இடம்தான்," என்றார். கடைசியாகச் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

சின்ன துரை உட்காரவில்லை. தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். "டீச்சர் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கீங்க. நாங்க பார்க்கத்தானே வேணும்."

கிளார்க் வரைபடத்தைக் கல்லின் மேல் விரித்தார். வரைபடத்தின்படி மேலே ஒரு மரத்தடியில் ஒரு எல்லைக் கல். கீழே ரோட்டோரத்தில் இன்னொன்று. நடுவில் ஒன்று இருக்க வேண்டும், அதைக் காணவில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். லீக்ஸ் பாத்தியை மிதித்தார். பிறகு முன்னறைக்குள் வந்து, முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த படியருகே குந்தினார். பையிலிருந்து கத்தியை எடுத்து அந்தப் படியைச் சுரண்டினார். மேல் சீமெந்து உதிர்ந்தது. உள்ளே பழைய கருங்கல். அதில் ஒரு அம்புக்குறி, கீழே ஒரு எண்.

இரண்டு வருஷமாக நானும் அம்மாவும் ஒரு நாளைக்கு நூறு தடவை மிதித்துத் தாண்டிய படி அது. எல்லைக் கல்லை எடுத்து ஒளிக்கக்கூட வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. ரூல்ஸ்காரர் அல்லவா? இருந்த இடத்திலேயே விட்டு, அதைப் படியாக வைத்து, அதற்கு அந்தப் பக்கம் ஒரு முழு அறையைக் கட்டியிருந்தார்.

சின்ன துரை என்னைப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார்.

"டீச்சர், கல் எங்க எஸ்டேட்ட விட்டு வெளிய வரவே இல்லை," என்றார். "ரூம்தான் உள்ள வந்திருக்கு."

வீட்டுக்காரர் தான் கொண்டுவந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அம்மா அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளும் நான் தோட்டத்துலதான் தூங்கினேனாங்க?"

"சட்டப்படி பார்த்தா, ஆமா," என்றார் சின்ன துரை.

"அப்ப கூரைய நீங்கதானே போட்டுத் தரணும்?"

பெரிய துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகு நான் முன்னறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அடுப்பு தோட்டத்தில். அம்மாவின் கட்டில் தோட்டத்தில். என் புத்தக அலமாரி, அரிசிப் பீப்பா, குளியல் வாளி, எல்லாம் தோட்டத்தில். டீவியும் வாசற்கதவும் மட்டும் ஊருக்குள். தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டேன் என்று சகோதர ஆசிரியர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாடகை கொடுத்துத் தோட்டத்துக்குள் குடியிருந்த முதல் தொழிலாளியின் மகள் நானாகத்தான் இருப்பேன். சிரிக்கத்தான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

நான்கு நாளில் வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் அறையைச் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும். கல்லைப் பற்றி ஒரு வரி: அது தோட்டத்தின் காணியில் இருப்பதால் அது இருக்கும் இடம் குறித்து நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை.

அன்று சாயந்தரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பைல் கொண்டுவரவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பி இல்லாமல் அவர் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலைந்து முடிதான் இருந்தது.

"வீடு கட்டுறப்ப ஈபிஎஃப் காசு பாதியிலயே முடிஞ்சு போச்சு," என்றார். "முன்னால ரோடு. பக்கத்துல அடுத்த வீடு. பின்னால தட்டையா எடம் கெடந்துச்சு. கொஞ்சம்தானே, யாரு வந்து பாக்கப் போறான்னு நெனச்சிட்டேன்."

அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பேசினார். "எங்க காம்பராவுலயும் எடம் பத்தல. இவ பொறந்த வருஷம் இவ அப்பா பின்னால ரெண்டு தகரம் போட்டு எறக்குனாரு. அடுப்ப அங்க வச்சா புள்ளைக்குப் பொகை அடிக்காதுன்னு. எங்க தோட்டத்துக் கண்டாக்கையா வந்து, மழையில நிக்க வச்சே புடுங்கச் சொன்னாரு. இவ அப்பாவே ஆணியக் கழட்டிக் குடுத்தாரு."

இந்தக் கதையை அம்மா அதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. வீட்டுக்காரர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"அது ரூல்ஸ்," என்றார் மெதுவாக.

"ஆமாங்க, ரூல்ஸ்தான்," என்றார் அம்மா. "சீனி போதுங்களா?"

அவர் அம்மாவை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "போதுங்க," என்றார்.

மனுஷர் மாறிவிட்டார் என்று நான் நம்பியிருப்பேன், அவர் மட்டும் மறுநாள் காலை பஸ் தரிப்பிடத்துக்கு வராமல் இருந்திருந்தால். கையில் பைல்.

"டீச்சர், கல்லு வந்தப்ப என்ன போச்சு? ஒரு சுவரு. நீங்க கடுதாசி எழுதினதுக்கப்புறம் என்ன போச்சு? முழு ரூமும். அப்ப கூடுன சேதம் யாரால?"

பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கல் செய்ய முடியாத வேலையை ஒரு பதிவுத் தபால் செய்துவிட்டது. அதை எழுதியது நான். மறுக்க முடியவில்லை. அறை இல்லாமல் போனாலும் வாடகையைக் குறைக்க முடியாது, பின்பக்கம் திறந்துவிட்டால் முன்னறைக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் வரும் என்றும் சொன்னார். நானே அவருக்கு ஏதாவது மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வருவதற்குள் நல்ல வேளையாக பஸ் வந்தது.

வேறு வீடு தேடத் தொடங்கினோம். அது கிடைப்பதற்குள் பின்னறையை உடைக்கும் நாள் வந்துவிட்டது. இரண்டு கூலியாட்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் கீழே நின்று, இடது பக்கம், வலது பக்கம் என்று பெரட்டுக் களத்துக் குரலில் வேலை ஏவினார். ஆனால் கூரைத் தகரத்தைக் கழற்றும் நேரம் வந்தபோது ஏணியில் தானே ஏறினார். எழுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு தகரமாகக் கழற்றி, மப்ளரால் துடைத்து, கீழே கொடுத்தார். ஆட்கள் அதைத் தொப்பென்று போட்டபோது, "மெதுவா, மெதுவா," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அவரைப் பார்த்துப் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. அம்மா அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்லை யாரும் உடைக்கவில்லை. அறை போன பிறகு அது வெட்டவெளியில் தன் பாட்டுக்கு இருந்தது.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் டோர்ச் லைட்டோடு வந்தார். மிச்சமிருந்த ஒரு அறையைத்தான் பரிசோதிக்க வேண்டும். மூன்று பக்கம் சுவர். பின்னறையோடு சேர்த்து உடைபட்ட நான்காவது பக்கம் பலகையும் பொலித்தீனும், அதன் இடுக்கு வழியாகத் தேயிலை மலை உச்சி வரை தெரியும். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்று சுவர்களையும் டோர்ச் அடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்து, ஆணித் துளைகளைக் கண்டுபிடித்தார். கலண்டர் மாட்டியது ஒன்று. திரு இருதயப் படம் ஒன்று. அம்மாவின் குடை ஒன்று.

"ஆறாம் விதி," என்றார். "சுவர்ல ஆணி அடிக்கக் கூடாது."

"அடிச்சது உண்மைதாங்க," என்றேன்.

மூன்று துளைக்கும் பூச்சுக்கூலி பிடித்துக்கொண்டு மிச்ச முற்பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கட்டிலுக்கான விண்ணப்பத்தை நான் சத்தியக் கடதாசியோடு கொடுத்திருந்தேன். அது பிரதேச செயலகத்தில் இருக்கிறது, இருக்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

சாமான் ஏற்ற வந்த சின்ன லொறிக்காரர் தனியாக வந்திருந்தார். அவரும் நானும் அலமாரியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் பைலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் லொறியில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. வாழ்நாளில் அவர் சுமை தூக்கி அந்த ரோட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூச்சு வாங்க நின்று, "அம்மா முன்னால ஏறிக்குங்க, பின்னால குளுரும்," என்றார். பிறகு பைலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

புது வீடு கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குக் கிட்ட, சமதரையில். கல் வராது, வந்தால் தண்ணீர்தான் வரும். வீட்டுக்காரம்மா ஒரு புடவைக் கடைக்காரரின் மனைவி, நல்ல மாதிரி. பார்க்கப் போன அன்றைக்கு எனக்கு அறைகளையும் குழாயையும் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். பாதியில் அம்மாவைக் காணவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வேலி வரைக்கும் அடிமேல் அடி வைத்து வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனார். வேலியைத் தொட்டதும் திரும்பி, மறுபடியும் எண்ணிக்கொண்டு வந்தார்.

"அம்மா என்ன தேடுறாங்க, டீச்சர்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"துணி காயப் போட எடம் இருக்கான்னு பாக்குறாங்க," என்றேன்.